மண்வெட்டி பிடித்த பட்டாளம்



எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ஓட்டேரிப் பக்கம் போகிறவர்கள் "பட்டாளம் ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் கேட்பதை நாம் நாள்தோறும் கேட்கிறோம். எந்தப் பட்டாளம், யாருடைய பட்டாளம் என்று நாம் கேட்டதில்லை. அதை ஒட்டியே பெரம்பூர் பேரக்ஸ் சாலை. ராயபுரத்துக்குப் பக்கத்தில் கிளைவ் பேட்டரி நிறுத்தம். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே ஒரு காலத்தில் பேட்டரிக் கம்பெனி இருந்தது என்றே நினைத்திருக்கிறார்கள். பேட்டரி என்றால் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தும் மேடை. கோட்டைக்கு வடக்கே விரிந்த நம் பகுதி, துறைமுகமும் ஆலையும் வருவதற்கு முன்பே பட்டாளத்தோடு பழகிய பகுதி. ஆனால் வட சென்னை வரலாறு என்று நாம் எழுதியதெல்லாம் ஆலை, துறைமுகம், சங்கம், வேலைநிறுத்தம். பட்டாளத்துக்குப் போனவன் அந்த வரலாற்றில் வரவேயில்லை.

முதல் உலகப் போர் என்றதும் நம் ஊருக்கு நினைவு வருவது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அரை மணி நேரம் நடந்த காரியம். நூறாண்டு கடந்தும் "அவன் சரியான எம்டன்" என்று பேசுகிறோம். உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டும் இருக்கிறது. இங்கே வந்த குண்டுக்கு இவ்வளவு நினைவு. இங்கிருந்து போன மனிதர்களுக்கு?

இன்று அந்த மனிதர்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம். குறிப்பாக, பதுங்குகுழிப் போரில் வீரப் பதக்கம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்பது பற்றி.

பதுங்குகுழிப் போர் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுவோம். 1914 இறுதிக்குள் மேற்கு ஐரோப்பாவில் போர் நகராமல் நின்றுவிட்டது. ஸ்விட்சர்லாந்து எல்லையிலிருந்து வட கடல் வரைக்கும் இரு தரப்பும் மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கின. எந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் தரைமேல் நிமிர்ந்து நிற்கிறவன் பிழைக்க முடியாது. குழி, குழிக்கு முன்னால் முள்கம்பி வேலி, அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம், அப்புறம் எதிரியின் முள்கம்பி, எதிரியின் குழி. இவ்வளவுதான் போர்க்களம். இதில் வெற்றியோ தோல்வியோ, அது முதலில் மண்வெட்டியைப் பொறுத்தது. இரவில் தோண்ட வேண்டும். தோண்டிய மண்ணை மூட்டையில் கட்டி அடுக்க வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் இறைக்க வேண்டும். எதிரி பார்க்காமல் தவழ்ந்து போய் கம்பி கட்ட வேண்டும், எதிரியின் கம்பியை வெட்ட வேண்டும். குதிரைமேல் வாள் சுழற்றிய படைகளெல்லாம் குதிரையை விட்டு இறங்கி மண் வெட்ட வேண்டியதாயிற்று.

இந்த வேலைக்கென்றே இருந்த படைப்பிரிவுக்குப் பெயர் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். எதிரியை நோக்கி ஒளிந்து தோண்டிக்கொண்டே முன்னேறும் குறுகலான குழிக்கு 'சேப்' என்று பெயர். அதைத் தோண்டுகிறவன் சேப்பர். ஆக, பெயரிலேயே பதுங்குகுழியைச் சுமந்த படை அது. மதராஸ் ராஜதானியில் 1780இல், ஹைதர் அலியோடு நடந்த போர்க்காலத்தில், 'பயனியர்' என்ற பெயரில் தொடங்கியது. பின்னாளில் 'குயின் விக்டோரியாஸ் ஓன் மதராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' ஆயிற்று. இன்றும் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் அதன் தலைமையகம் இருக்கிறது. இந்திய ராணுவத்தில் அந்தச் சிப்பாய்களுக்குப் பட்டப்பெயரே 'தம்பி' என்பதுதான்.

இந்தப் படையில் பறையர்களும், அவர்களிலிருந்து கிறித்தவம் தழுவியவர்களும் கணிசமாக இருந்தார்கள். கம்பெனிக் காலத்தில் மதராஸ் காலாட்படையிலும் அவர்கள் இருந்தவர்கள்தான். பிறகு காலாட்படையின் கதவு மூடியது. சேப்பர், பயனியர் கதவு மட்டும் திறந்திருந்தது. ஏன் அந்தக் கதவு? மண் வெட்டுவதும் சுமப்பதும் அந்த வேலை. சமூகவியல் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பஞ்சாபிலும் இதே கதைதான்: சீக்கிய பயனியர் படைகள் மஜபி சீக்கியர்களைக் கொண்டு அமைந்தவை. அவர்களும் தலித்துகள். கிராமத்தில் எந்தச் சாதி மண் வெட்டியதோ, ராணுவத்திலும் அந்தச் சாதியின் கையில்தான் மண்வெட்டி.

கதவை மூடியவர்களில் முக்கியமானவர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதி. அதன்பின் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. தென்னிந்தியச் சிப்பாயிடம் போர்க்குணம் வற்றிப்போய்விட்டது என்பது அவர் முடிவு. தன் நினைவு நூலிலும் அதை எழுதிவைத்தார். வடக்கே சில சாதிகளும் இனங்களும் 'போர்க்குடிகள்', மற்றவர்கள் அல்ல என்ற கோட்பாடு ராணுவக் கொள்கையானது. 1862இல் 40ஆக இருந்த மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் 1914இல் 11. அதே காலத்தில் பஞ்சாபியரைக் கொண்ட பிரிவுகள் 28லிருந்து 57ஆக உயர்ந்தன. பிறப்பால் வீரம், பிறப்பால் கோழைத்தனம் என்று பிரித்த இந்தக் கோட்பாட்டை லண்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சரக்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இங்கே ஏற்கெனவே இருந்த வருணக் கணக்குக்கு வெள்ளைக்காரன் காக்கிச் சட்டை போட்டுவிட்டான், அவ்வளவே. மகர்கள் பம்பாய்ப் படையிலிருந்து வெளியேற்றப்பட்டதும் இதே 1890களில்தான். அண்ணல் அம்பேத்கரின் தந்தை சுபேதார் ராம்ஜி வாழ்ந்த காலம் அது.

இந்தக் கோட்பாடு எப்படித் தன்னைத்தானே நிரூபித்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். 1914 நவம்பர், கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா. அங்கே பிரிட்டிஷ் படை படுதோல்வி அடைந்தது. 63ஆம் பாளையங்கோட்டை காலாட்படை சிதறி ஓடியது. உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாக்குதலின் முதல் நாளில் பின்வாங்கிய படைகளில் 13ஆம் ராஜபுத்திரர் படையும் ஒன்று. ராஜபுத்திரர் பின்வாங்கினால் அது திட்டமிடல் கோளாறு. மதராஸ்காரன் பின்வாங்கினால் அது பிறவிக் கோளாறு.

இனி பதக்கத்துக்கு வருவோம். விக்டோரியா கிராஸ் 1856இல் ஏற்படுத்தப்பட்டது. இந்தியச் சிப்பாய்க்கு அது கிடைக்கலாம் என்று ஆனது 1911இல், டெல்லி தர்பாரில். அதுவரை அவனுக்கு உச்சம் 1837இல் கம்பெனி ஏற்படுத்திய இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட். அதற்கு அடுத்தது 1907இல் வந்த இந்தியன் டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் மெடல். முதல் உலகப் போரில் இந்தியப் படை வீரர்கள் 11 பேர் விக்டோரியா கிராஸ் பெற்றார்கள். முதலாமவர் குதாதாத் கான், 1914 அக்டோபர் 31, பெல்ஜியத்தின் ஹோலபெக்கில். பஞ்சாபியர், கட்வாலிகள், கூர்க்கர், டோக்ரா, ராஜபுத்திரர், ஜாட், பட்டாணியர் என்று போகும் அந்தப் பட்டியலில் மதராஸ்காரர் ஒருவரும் இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பதினொருவரின் வீரத்தில் நமக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 1916 ஜனவரியில் மெசபடோமியாவில் சத்தா சிங், லாலா இருவரும் பதக்கம் பெற்றது கொன்றதற்காக அல்ல. குண்டு மழையில் காயம்பட்டுக் கிடந்தவர்களைக் காத்துக் கிடந்ததற்காக. நம் கேள்வி அவர்களிடம் அல்ல, பட்டியலை உருவாக்கிய முறையிடம். விக்டோரியா கிராஸ் எதிரியின் கண்முன் செய்த செயலுக்கு. அதைப் பார்த்தவர் வேண்டும். அதிகாரி எழுதிப் பரிந்துரைக்க வேண்டும். எதிரியை நோக்கி ஏறிப்போகும் காலாட்படையில் உனக்கு இடமில்லை என்று 30 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியாயிற்று. ஏறிப்போகாதவனுக்குப் பதக்கம் எப்படி வரும்? பதக்கம் வராததால் அவன் போர்க்குடி அல்ல. போர்க்குடி அல்லாததால் அவனைச் சேர்ப்பதில்லை. சேப்பர் செய்த வேலையோ இருட்டில், யாரும் பார்க்காதபடி செய்ய வேண்டியது. பார்த்துவிட்டால் வேலை கெட்டது, ஆளும் செத்தான்.

ஆனாலும் அவர்கள் கைபடாத பதுங்குகுழிப் போர் இல்லை. முள்கம்பி வேலியைத் தகர்க்க ஒரு கருவி உண்டு, பெங்களூர் டார்பீடோ. வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, நீளமாக்கி, படுத்தபடியே கம்பிக்கு அடியில் தள்ளி வெடிக்கவைப்பார்கள். ஆட்கள் நுழையும் அளவுக்கு வழி பிறக்கும். 1912இல் பெங்களூரில் மதராஸ் சேப்பர்ஸ் படையோடு இருந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழாய் பொருத்தி, வெடித்துப் பார்த்து, கை கருகிய சிப்பாயின் பெயர் எங்கே இருக்கும்? இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கர்கள் கம்பியைத் தகர்த்ததும் இதே கருவியால்தான். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் "பெங்களூர்" என்று கத்துவது நம் அண்டை ஊரின் பெயரை.

மதராஸ் சேப்பர்கள் முக்கியமாகப் போரிட்டது இன்றைய ஈராக்கில், அன்று மெசபடோமியா. டைகிரிஸ் கரையில் கூத் என்ற ஊரில் பிரிட்டிஷ் படை முற்றுகைக்குள்ளாகி 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்தது. அதை மீட்கப் போன படைகள் ஹன்னா, சன்னையாத் என்ற இடங்களில் துருக்கியரின் குழிகளுக்கு முன்னால் மடிந்தன. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் சதுப்பு, நடுவே குழி. எண்ணூர்க் கழிமுகம் தெரிந்தவர்களுக்கு அந்த நிலத்தைக் கற்பனை செய்வது கடினமாக இராது. மறு ஆண்டு, 1917 பிப்ரவரி 23, ஷம்ரான் என்ற வளைவில் வெள்ளம் பெருகிய டைகிரிஸைக் கடந்தார்கள். எதிர்க்கரையில் துருக்கியரின் எந்திரத் துப்பாக்கி. படகில் இருந்த காலாட்படையாவது குனிந்து உட்காரலாம். துடுப்பு வலிக்கிறவன் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும். கையில் துப்பாக்கியும் இல்லை. கரை சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த நடைக்கு ஆளை ஏற்ற வேண்டும். அப்படி வலித்தவர்களில் மதராஸ் சேப்பர்கள் இருந்தார்கள். மாலைக்குள் படகுப்பாலம் போட்டாயிற்று. மார்ச் 11 அன்று பாக்தாத் வீழ்ந்தது. ஷம்ரானில் விக்டோரியா கிராஸ் பெற்றவர் கரையேறிய கூர்க்காப் படையின் பிரிட்டிஷ் அதிகாரி, மேஜர் வீலர். மெசபடோமியாவில் மதராஸ் சேப்பர்கள் பலருக்கு ஆர்டர் ஆஃப் மெரிட்டும் டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் மெடலும் கிடைத்தன. அவை ஒரு வரி அறிவிப்பாக அரசிதழில் கிடக்கின்றன.

துப்பாக்கியே இல்லாமல் போனவர்கள் இன்னொரு பெருங்கூட்டம். மதராஸ் ராஜதானியிலிருந்து போர்ச்சேவைக்குச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 92,000 பேர். அதில் சுமார் 51,000 பேர் போர்வீரர்கள், சுமார் 41,000 பேர் கூலிப்படை, சுமைப்படை, சமையல், துப்புரவு என்று போனவர்கள். ராணுவப் பதிவில் இவர்களுக்குப் பெயர் 'ஃபாலோயர்', பின்தொடர்கிறவன். குண்டு விழும்போது அது முன்னால் போகிறவன், பின்னால் வருகிறவன் என்று பார்ப்பதில்லை. ஆனால் பதக்கம் பார்த்தது. போர் முடிந்ததும் எல்லோருக்கும் பிரிட்டிஷ் வார் மெடல் என்று ஒன்று கொடுத்தார்கள். சிப்பாய்க்கு வெள்ளியில். கூலிப்படைக்கு அதே அச்சு, அதே ராஜா தலை, ஆனால் வெண்கலத்தில். தனிப் பந்தி, தனிக் குவளை பார்த்த நமக்குத் தனி உலோகம் புரியாதா?

செத்தவர்களுக்கும் அப்படித்தான். பிரான்சில் நவ் ஷப்பேல் நினைவகத்தில், 1927இல் திறந்தது, இந்தியர் 4,700க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பஸ்ரா நினைவகம் நினைவுகூர்வது 40,000க்கு மேற்பட்டோரை. அங்கே பிரிட்டிஷ்காரருக்குப் பெயர். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர். இந்தியச் சாதாரணச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும். இதை ஆராய்ந்த காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையக் குழு, 2021இல் வெளியிட்ட அறிக்கையில், இனப் பாகுபாடு இதற்குப் பின்னால் இருந்ததை ஒப்புக்கொண்டது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ நினைவகமே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்கிறது அந்த அறிக்கை.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பட்டாளத்து நினைவுகளைத் தேடிப் போனோம். பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் மட்டும் ஒரு ஆயா, தன் தாத்தா "பஸராவுக்குப் போய்ட்டு வந்தவரு" என்று சொல்லி, டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ரிப்பன் எடுத்துக் காட்டினார். நடுவில் ஆரஞ்சு, இரு பக்கமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். "மெடலு எங்க ஆயா?" என்று கேட்டோம். "வெள்ளியாச்சே, வித்துத் தின்னுட்டாங்க. ஒரு பக்கம் ராஜா தலை. இன்னொரு பக்கம் குதிரமேல அம்மணமா ஒருத்தன். சின்னப்புள்ளைல அதப் பார்த்து சிரிப்போம்" என்றார். பிரிட்டிஷ் வார் மெடலின் பின்பக்கம் அதுவேதான். வெள்ளி என்று அவர் சொன்னதால் தாத்தா சிப்பாயாகப் பதிவானவர் என்பது தெரிந்தது. சேப்பரா, பயனியரா என்பது தெரியவில்லை. தெரிந்திருக்க ஒரு வழி இருந்தது. அந்தப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். பஸ்ராவின் கல்லில் செத்த சிப்பாய்க்கே பெயர் இல்லை. உயிரோடு வந்தவர் பெயருக்கு இருந்த ஒரே இடம் அந்த விளிம்பு. அதையும் பசி உருக்கிவிட்டது.

திரும்பி வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பஞ்சாபில் பதக்கம் பெற்றவர்களுக்குக் கால்வாய்ப் பாசன நிலம் கிடைத்தது. இங்கே? செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலமின்மையைப் பற்றி 1891இலேயே அறிக்கை எழுதினார். சிப்பாய் திரும்பி வந்தபோதும் சேரி சேரியாகவே இருந்தது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளின் காக்கித் துணி ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1921இல் அதே ஆலைகளின் வேலைநிறுத்தத்தில் சாதியின் பேரால் தொழிலாளர் பிளவுண்டு, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசுப் பதிவுகளில் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் வந்தது. பெயர் மாறிய அதே பத்தாண்டில் ராணுவத்தில் இடம் போயிற்று. போருக்காக 1917இல் எழுப்பிய 111ஆம் மகர் படை 1921இல் கலைக்கப்பட்டது. 1928க்குள் மதராஸ் காலாட்படை முழுவதும். 1933க்குள் மதராஸ் பயனியர், சீக்கிய பயனியர் எல்லாமே. சேப்பர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அடுத்த உலகப் போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது. 'போர்க்குடி அல்லாதவர்' எல்லோரும் ஒரே நாளில் வீரர் ஆனார்கள்!

அந்த மிஞ்சிய சேப்பர்களிலிருந்து ஒருவர்: செங்கல்பட்டு மாவட்டத்துச் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியின் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றப் போனார்கள். கூட வந்த ஒருவரின் கால் பட்டு ஒரு வெடி உசுப்பப்பட்டது. வெடிக்கச் சில விநாடிகளே. சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து தன் உடலால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் அவருக்கு இறந்த பின் கிடைத்தது. அவர் யாரையும் கொல்லவில்லை. பூமிக்குள் மறைந்திருந்த சாவைத் தேடி எடுப்பது அவர் வேலை. இதைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு மணலியிலும் மாதவரத்திலும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி, மயங்கியவனைத் தூக்கப் பின்னால் குதித்து, சேர்ந்து செத்துப்போகிறவர்கள் நினைவு வருகிறார்கள். அவர்களுக்கு எந்த அரசிதழிலும் ஒரு வரி இல்லை.

மாணவ நண்பர்களிடம் ஒரு மனத்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தகவல்களையெல்லாம் சொன்னால் சிலர் உடனே ஃபிளக்ஸ் அடிக்கக் கிளம்புகிறார்கள், 'நாங்களும் போர்க்குடியே' என்று. ராபர்ட்ஸ் போட்ட வரிசையில் நமக்கும் ஓர் இடம் கேட்பதா நம் வேலை? அந்தச் சிப்பாய்கள் ஏகாதிபத்தியத்துக்காகப் பர்மாவிலும் ஈராக்கிலும் பிறர் மண்ணில் குழி தோண்டியவர்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் சேர்ந்தது சம்பளத்துக்காக, செருப்புப் போட்டு நடப்பதற்காக, பிள்ளை பட்டாளத்துப் பள்ளியில் படிப்பதற்காக. அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று கோரேகான் தூண் முன் நின்றபோது அந்தத் தூணில் செதுக்கிய மகர் பெயர்கள் அவருக்குச் சான்று ஆயின. தகுதி பிறப்பில் இல்லை என்பதற்குச் சான்று. தூணில் பெயர் இருந்ததால் அங்கே போய் நிற்க முடிந்தது. அந்தக் கோரேகான் போரில் பீரங்கி இயக்கியவர்கள் மதராஸ் பீரங்கிப் படையினர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதக்கம் இருந்தால் பிரேம் போடுவதற்கு முன் அதன் விளிம்பை ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள், பாலிஷ் போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளியா வெண்கலமா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பதக்கம் இல்லை, ரிப்பன் மட்டும்தான் என்றால், பெரியவர்களிடம் தாத்தாவின் பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் கேட்டு எழுதுங்கள். மன்றத்தில் அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இதுவரை அதில் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன.